நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரை என்ன ஆனது?

கொழும்பில் வரலாறு படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கான பதில் இது. கேள்வியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: "சோழர் காலத்தில் நாகப்பட்டினத்தில் பெரிய பௌத்த விகாரை ஒன்று இருந்ததாமே? சைவனான ராஜராஜன் அதற்கு ஓர் ஊரையே கொடுத்தானாமே? பிறகு அதை யார் இடித்தார்கள்? இன்று போனால் பார்க்க ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?"

இடித்தது யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் தப்பான கதைகள் அதிகம். நாகப்பட்டினத்துப் பௌத்தக் கட்டடங்களில் கடைசியாக நிமிர்ந்து நின்றது மூன்று அடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று. அதை 1867இல், சென்னை அரசாங்கத்தின் எழுத்து மூலமான அனுமதியோடு, இயேசு சபைக் குருமார் இடித்தார்கள். எந்த அரசனின் படையும் வந்து செய்த வேலை இல்லை அது. அந்த இடம் அதற்கு முன்பே, சில நூற்றாண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆளற்றுப் போயிருந்தது. ஏன் ஆளற்றுப் போனது என்பது விளங்க வேண்டுமானால், அது எப்படி எழுந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நாகப்பட்டினத்துக்குப் பௌத்தம் சோழரோடு வந்ததல்ல. பாளி உரையாசிரியரான தம்மபாலர், தாம் ஓர் உரையை எழுதியது நாகப்பட்டினத்தில், தர்மாசோக மகாராஜ விகாரையில் தங்கியிருந்த காலத்தில் என்று அந்த உரையின் முடிவில் சொல்கிறார். 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய சீன யாத்திரிகர் இட்சிங்கின் குறிப்புகளில், கடல் வழியாக வந்த சீனத் துறவிகள் இறங்கிய துறைகளில் ஒன்றாக நாகப்பட்டினம் வருகிறது. திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்திலிருந்து பொன்னாலான புத்தர் சிலையைக் கொண்டுபோய் திருவரங்கத்து மதில் வேலைக்குச் செலவழித்தார் என்று வைணவ குருபரம்பரைக் கதை சொல்லும். நடந்ததோ இல்லையோ, நாகப்பட்டினத்தில் செல்வம் மிக்க ஒரு புத்தர் கோயில் இருந்தது என்பது அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் இயல்பான விஷயமாக இருந்திருக்கிறது. எனக்கு அந்தக் கதையின் பெறுமதி அதில்தான்.

சரி, சூடாமணி விகாரைக்கு வருவோம். அதைக் கட்டியவன் தமிழ்நாட்டு அரசனே இல்லை. சைலேந்திர வம்சத்தைச் சேர்ந்த, ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அதிபதியான ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் என்பவன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் கட்டினான். ஸ்ரீவிஜயத்தின் தலைமை இடம் சுமத்திராவில் இன்றைய பலெம்பாங். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. மலாக்கா நீரிணையைக் கடக்கும் கப்பல்கள் எல்லாம் இவர்கள் கையை மீறிப் போக முடியாத காலம் அது.

இந்த வம்சத்தின் பழக்கம் ஒன்றைக் கவனியுங்கள். 9ஆம் நூற்றாண்டில், சுவர்ணத்தீவின் (சுமத்திராவின்) அரசன் பாலபுத்திரதேவன் வங்கத்துப் பாலர்களின் ஆட்சியில் இருந்த நாலந்தாவில் ஒரு விகாரை எழுப்பினான். அதன் செலவுக்குப் பால அரசன் தேவபாலன் ஐந்து ஊர்களைக் கொடுத்தான். 1003இல் சூளாமணிவர்மன் சீனத்துக்குத் தூது அனுப்பி, பேரரசரின் நீண்ட ஆயுளுக்காகத் தன் நாட்டில் ஒரு பௌத்தக் கோயில் கட்டியிருப்பதாகச் சொல்லி, அதற்கு ஒரு பெயரும் மணியும் கேட்டு வாங்கினான் என்று சீன வரலாற்று ஏடுகள் சொல்கின்றன. இரண்டொரு வருடத்துக்குள் நாகப்பட்டினத்திலும் விகாரை எழும்புகிறது. யாரோடு வியாபாரம் முக்கியமோ அவர்களுடைய மனதைக் கோயில் வழியாக வெல்வது இவர்களின் அரசியல் முறை. பக்தி இல்லை என்று சொல்லவில்லை. பக்தியும் வியாபாரமும் ஒரே கப்பலில் வந்தன.

இதெல்லாம் நமக்குத் தெரிவது செப்பேடுகளால். ராஜராஜனின் 21ஆம் ஆட்சி ஆண்டில், அதாவது 1005–06இல், க்ஷத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டனக்கூற்றத்தில் இருந்த ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய், நாகப்பட்டினத்தில் கடாரத்தரையன், அதாவது கடாரத்து அரசன், எடுப்பிக்கும் "சூளாமணிபன்ம விஹாரத்துப் பள்ளிக்கு" என்று கொடுக்கப்பட்டது. பள்ளி என்றால் இங்கே பௌத்தத் துறவிகளின் மடம். ஆனைமங்கலம் இன்றும் கீழ்வேளூர்ப் பக்கம் இருக்கிறது. ராஜராஜன் வாய்மொழியாக இட்ட ஆணையை, அவன் காலத்துக்குப் பிறகு மகன் ராஜேந்திரன் செப்பேட்டில் வெட்டுவித்து நிலைப்படுத்தினான். 21 ஏடுகள், சோழ முத்திரை பொறித்த வளையத்தில் கோத்தவை, எடை சுமார் 30 கிலோ. 5 ஏடுகள் சமஸ்கிருதம், 16 ஏடுகள் தமிழ்.

சமஸ்கிருதப் பகுதி விகாரை மேருவையும் தாழ்த்தும் உயரம் கொண்டது என்று புகழும். அதை அப்படியே விட்டுவிடலாம், புலவர் வேலை அது. தமிழ்ப் பகுதிதான் உயிருள்ள பகுதி. அங்கே கணக்கு பேசுகிறது: நிலம் 97 வேலிக்குச் சற்று மேல், அதிலிருந்து விகாரைக்கு வரவேண்டிய நெல் 8,943 கலத்துக்குச் சற்று மேல் (வேலி நில அளவு, கலம் நெல் அளவு). ஆணையை ஓலையில் எழுதியவர், ஒப்பிட்டுச் சரிபார்த்தவர், வரிப்பொத்தகத்தில் பதிந்தவர் என்று அதிகாரிகளின் வரிசை நீள்கிறது. பிறகு ஊர் எல்லையைக் காட்டுவதற்கு ஒரு பெண் யானையை நடக்கவிட்டு, அது சுற்றி வந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறித்தார்கள். "பிடி சூழ்ந்து பிடாகை நடப்பித்தல்" என்று இதற்குப் பெயர். சுற்றுவட்டார ஊர்ச் சபையார் கூட நடந்து வந்து கையெழுத்திட்டார்கள். அவர்களில் பிராமண ஊர்களின் சபையாரும் உண்டு. கடல் கடந்த ஓர் அரசன் கட்டும் புத்தர் பள்ளிக்காக, காவிரிக் கரை ஊர்கள் தம் வயல் எல்லைகளை யானையின் பின்னால் நடந்து உறுதி செய்கின்றன. சோழர் காலம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பெரிய கோயில் விமானம் அல்ல, இந்தக் காட்சிதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, கொழும்பில் இருந்து கேட்கும்போது இன்னும் கூர்மையாகிற கேள்வி. சைவ அரசன் ஏன் கொடுத்தான்?

இங்கே நேர்மையாகக் கதைக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் விகாரைக்கு ஊர் கொடுத்த அதே அரசகுலத்தின் படைகள்தான் அநுராதபுரத்தையும் அழித்தன. ராஜேந்திரன் காலத்தில் இலங்கை அரசன் 5ஆம் மகிந்தனைச் சிறைபிடித்த சோழப்படை, தாதுகோபுரங்களின் கருவறைகளை உடைத்துப் பொன்னையும் மணியையும் அள்ளிப் போனதாக இலங்கையின் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் எழுதுகிறது; விகாரைகளை இரத்தம் குடிக்கும் யக்கர்களைப் போலச் சூறையாடினார்கள் என்கிறது. ஆனைமங்கலச் செப்பேட்டைக் காட்டி "பாருங்கள், சோழர் எவ்வளவு சமய சமரசம் உள்ளவர்கள்" என்று பெருமைப்படுபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. சூளவம்சத்தை மட்டும் காட்டி "சோழர் பௌத்தத்தின் பகைவர்" என்பவர்கள் செப்பேட்டைத் திறப்பதில்லை. இரண்டும் நடந்தவை. எதிரி நாட்டின் கோயில் எதிரி அரசனின் கருவூலம், ஆகவே கொள்ளைக்குரியது. நட்பு நாட்டான் தன் துறைமுகத்தில் கட்டும் கோயில் சுங்க வருமானத்துக்கும் கப்பல் வரத்துக்கும் காவல், ஆகவே கொடைக்குரியது. அன்றைய அரசர்கள் இப்படித்தான் கணக்குப் போட்டார்கள் என்பது என் தீர்ப்பு. சமயப் பொறை, சமயப் பகை என்ற இரண்டு பெட்டிகளில் எதற்குள்ளும் இது அடங்காது.

சோழர் இலங்கையை ஆண்ட காலத்திலேயே இதன் மறுபக்கமும் தெரிகிறது. திருகோணமலைக்கு அருகே, பெரியகுளத்துப் பக்கம் இருக்கும் வெல்கம் விகாரையை நம்மவர்கள் நாதனார் கோயில் என்பார்கள். அந்தப் பழைய விகாரைக்குச் சோழர் ஆட்சியில் ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் வந்தது. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் விளக்கெரிக்கக் கொடுத்த பசுக்களையும், காசையும், கொடுத்த தமிழர்களின் பெயர்களையும் சொல்கின்றன. கொடுத்தவர்கள் அரசர்கள் அல்லர், சாதாரண உபயகாரர்கள். சோழர் போன பிறகு பொலன்னறுவையில் நடந்ததும் அப்படியே. 1ஆம் விஜயபாகு கட்டிய தந்ததாதுக் கோயிலை, அதாவது புத்தரின் பல் வைத்த கோயிலை, காக்கும் பொறுப்பை வேளைக்காரர் என்ற கூலிப்படையினர் ஏற்றுக்கொண்டதைச் சொல்லும் நீண்ட கல்வெட்டு தமிழில்தான் இருக்கிறது. தமிழகத்திலும் வீரராசேந்திர சோழன் காலத்தில், அவன் பெயராலேயே தமிழ் இலக்கணம் செய்த புத்தமித்திரர் ஒரு பௌத்தர். தமிழர் என்றால் சைவம் அல்லது கிறிஸ்தவம், பௌத்தம் என்றால் சிங்களம் என்று கேட்டுப் பழகிய நம் ஊரில், பிள்ளைகள் இந்தக் கல்வெட்டுகளையாவது ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

விகாரையின் கதையைத் தொடர்வோம். விகாரை எழும்பி இருபது ஆண்டுகள் ஆகும்போது ராஜேந்திரனின் கப்பற்படை கடாரத்தையே தாக்கியது. ஏறத்தாழ 1025. அதற்குச் சற்று முன்புதான் ஸ்ரீவிஜய அரசனின் முகவர்கள் நாகப்பட்டினத்துக் காரோணத்துச் சிவன் கோயிலுக்கு நகைகளும் சீனக் கனகமும் கொடுத்திருந்தார்கள். அந்தக் கல்வெட்டுகள் இன்றும் அந்தக் கோயிலில் உண்டு. படையெடுப்பால் விகாரை மூடப்படவில்லை. 1090இல், முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சி ஆண்டில், கடாரத்து அரசன் அனுப்பிய ராஜவித்யாதர ஸ்ரீசாமந்தன், அபிமானோத்துங்க ஸ்ரீசாமந்தன் என்ற இரு தூதர்கள் வந்து கேட்க, பள்ளிக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்குக் கொடுக்கப்பட்டது. இது மூன்று ஏடுகளில் உள்ள சிறிய செப்பேடு. அதில் ராஜேந்திரசோழப் பெரும்பள்ளி, ராஜராஜப் பெரும்பள்ளி என்ற இரண்டு பெயர்கள் வருகின்றன. ஆக அந்த நூற்றாண்டின் முடிவில் அங்கே இருந்தது தனிக் கட்டடம் அல்ல, வளர்ந்துவிட்ட ஒரு பள்ளித் தொகுதி. சூடாமணி விகாரை சோழ நாட்டில் மிதந்த ஒரு வெளிநாட்டுத் தீவு என்ற எண்ணமும் இங்கே உடைகிறது. சோழர் அதற்குத் தம் சொந்தப் பெயர்களையே சூட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் சீனர்கள். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய வாங் தாயுவான் என்ற சீனப் பயணி, பட்டினத்து வெளியில் உயரமான, மண்ணும் செங்கல்லுமான கோபுரம் ஒன்று நிற்பதாகவும், அதில் சீன எழுத்தில் "சியன்சுன் 3ஆம் ஆண்டு எட்டாம் மாதம் வேலை முடிந்தது" என்று பொறித்திருப்பதாகவும் எழுதினார். சியன்சுன் என்பது ஒரு சீனப் பேரரசரின் ஆட்சிக்காலப் பெயர்; அந்த ஆண்டு 1267. சோழர் ஆட்சி அணையப் போகிற நேரம். ஐரோப்பியர் பின்னாளில் "சீனக் கோபுரம்" என்றும் ஊரார் "புதுவெளிக் கோபுரம்" என்றும் சொன்னது இதுவே என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருந்துவதாகவே படுகிறது. அப்படியானால் 1867இல் விழுந்த கோபுரம் கடாரத்தரையன் கட்டிய விகாரையின் பகுதி என்று அடித்துச் சொல்ல முடியாது. அதே பௌத்த வளாகத்தில், பிறகு வந்த சீன வணிகர்களின் கட்டடமாக இருந்திருக்கலாம். பலரும் இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிடுகிறார்கள்.

அடுத்த சான்று நம் கொழும்பைத் தொட்டுக்கொண்டு வருகிறது. 1476இல் பர்மாவின் பெகு நாட்டு அரசன் தம்மசேதி, தன் நாட்டுச் சங்கத்தைத் தூய்மைப்படுத்த, 22 தேரர்களையும் அவர்களின் சீடர்களையும் இரண்டு கப்பல்களில் இலங்கைக்கு அனுப்பினான். ஒரு கப்பல் வந்து சேர்ந்தது கொழும்புத் துறைக்கு. கோட்டை (கோட்டே) இராச்சியத்தின் ஆதரவோடு அவர்கள் களனி ஆற்றின் மேல் மறு உபசம்பதை, அதாவது துறவிக்கான முழுத் தீட்சை, பெற்றார்கள். பெகுவில் இருக்கும் கல்யாணிக் கல்வெட்டுகளின் பெயரே நம் களனியிலிருந்து போனது. திரும்பும்போது ஒரு கப்பல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடலில் புயலில் சிக்கி உடைந்தது. கரையேறிய துறவிகள் கால்நடையாக நாகப்பட்டினம் போனார்கள். அங்கே பதரிகாராமம் என்ற விகாரை இருந்த இடத்தைப் பார்த்து, சீன தேசத்து மகாராஜா செய்வித்த குகையில் இருந்த புத்தர் சிலையை வணங்கினார்கள் என்று கல்வெட்டு சொல்கிறது. தந்ததாதுவை இலங்கைக்குக் கொண்டுவந்த தந்தகுமாரனும் ஏமமாலையும் வழியில் அதை வைத்திருந்த இடம் அது என்பது அவர்களின் நம்பிக்கை. "விகாரை இருந்த இடம்" என்பதைக் கவனியுங்கள். 1476 வாக்கில் ஒரு விகாரை ஏற்கெனவே இடமாகத்தான் மிஞ்சியிருக்கிறது. வழிபாடு மட்டும் ஓயவில்லை.

ஏன் தேய்ந்தது? விகாரையைத் தாங்கியவர்கள் மூன்று தரப்பார். சோழ அரசு 1279க்குப் பிறகு இல்லை. அதன் வரிவிலக்குகளைக் காக்கவும் ஆள் இல்லை. ஸ்ரீவிஜயம் 13ஆம் நூற்றாண்டிலேயே சரிந்தது. பிறகு மலாக்காவும் சுமத்திராவின் துறைமுகங்களும் இஸ்லாத்தைத் தழுவின. அங்கிருந்து வந்த மாலுமிகள் நாகூருக்குப் போனார்கள், விகாரைக்கு அல்ல. சீனத்து அரசக் கப்பல்களும் 1433க்குப் பிறகு வரவில்லை. பௌத்தத் துறவிகள் பிச்சையால் வாழலாம், ஆனால் பெரிய மடங்கள் கொடையால்தான் வாழும். கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கரையை விட்டு மறைந்தபோது, வயலும் குளமும் வைத்து உள்ளூரில் வேர் விட்டிருந்த சைவ, வைணவக் கோயில்கள் நின்றன, இது நிற்கவில்லை.

பிறகு போர்த்துக்கேயர் வந்தார்கள். 1658இல் நாகப்பட்டினம் ஒல்லாந்தர் கைக்குப் போனது, கொழும்பு போய் இரண்டு வருடத்தில். அவர்கள் காலத்தில்தான் செப்பேடுகள் ஒரு டச்சுப் பாதிரியார் வழியாக நெதர்லாந்து போய்ச் சேர்ந்தன. பின்னர் அவை லைடன் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றதால் லைடன் செப்பேடுகள் என்ற பெயர் நிலைத்தது. கோபுரமோ கடலில் வரும் மாலுமிகளுக்குக் கரை அடையாளமாக நின்றுகொண்டிருந்தது.

சென்னை அரசாங்க அதிகாரியான சர் வால்டர் எலியட் 1846இல் அதைப் பார்த்திருக்கிறார். நகரத்துக்கு வடக்கே ஓரிரு மைல் தூரத்தில், நான்கு பக்கமாக, சுண்ணாம்புச் சாந்தில்லாமல் நெருக்கி அடுக்கிய செங்கற்களால் ஆன மூன்று அடுக்குகள். ஒவ்வொரு பக்கத்து நடுவிலும் ஒரு திறப்பு. மேலே கூரை இல்லை. உள்ளே மாடித் தளம் இருந்த அடையாளம் மட்டும். பாண்டிச்சேரியிலிருந்து வந்த இயேசு சபையாருக்கு அந்த நிலம் கிடைத்தது. அங்கே கல்லூரிக் கட்டடம் கட்டிய அவர்கள் 1859இல் கோபுரத்தை இடிக்க அனுமதி கேட்டார்கள். அரசாங்கப் பொறியியலாளர் போய்ப் பார்த்து, குறைந்த செலவில் தாங்கு கொடுத்துக் காப்பாற்றலாம் என்று அறிக்கை கொடுத்தார். அனுமதி மறுக்கப்பட்டது, ஆனால் தாங்கு கொடுக்கும் வேலை நடக்கவில்லை. 1867இல் மறுபடி விண்ணப்பித்தார்கள். ஓகஸ்ட் 28ஆம் திகதி அனுமதி கிடைத்தது. அவ்வளவுதான், 600 ஆண்டு நின்றது போய்விட்டது. 1883இல் அந்தக் கல்லூரியும் திருச்சிக்கு மாறிப் போனது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. காப்பாற்றலாம் என்று சொன்ன அறிக்கை கையில் இருந்தது.

மண் மட்டும் சிலவற்றை ஒளித்து வைத்திருந்தது. 1856இல் அந்த வளாகத்தில் இருந்த ஒரு பெரிய இலுப்பை மரத்தை வெட்டும்போது ஐந்து புத்தர் உருவங்கள் கிடைத்தன. அப்போதிலிருந்து 1934 வரை வெளிப்பாளையம், நாணயக்காரத் தெரு ஆகிய பகுதிகளில் தோண்டியபோதெல்லாம் கிடைத்தவை சேர்ந்து ஏறத்தாழ 350 செப்புத் திருமேனிகள். சோழர் காலத்தவையும் உண்டு, 16ஆம் நூற்றாண்டு வரை வரும் பிந்தியவையும் உண்டு. நாகப்பட்டினத்தில் பௌத்தர் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. பல சிலைகளில் புத்தரின் உச்சியில் தீச்சுடர் எழும்பி நிற்கும். இலங்கைப் புத்தர் சிலைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உடனே பிடிபடும்.

இன்று போனால் என்ன பார்க்கலாம்? நாகப்பட்டினத்தில் விகாரையின் சுவர் என்று காட்ட எதுவும் இல்லை. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறை–நாகப்பட்டினம் பயணிகள் கப்பல் தொடங்கிய பிறகு இங்கிருந்து சிலர் அதற்கென்றே போய் ஏமாந்து வந்தார்கள். அங்கே காயாரோகணர் கோயில் (முன்பு சொன்ன காரோணத்துச் சிவன் கோயில்) கல்வெட்டுகளைப் பாருங்கள், பிறகு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர்களைப் பாருங்கள். கொழும்பிலேயே, கறுவாத்தோட்டத்து தேசிய நூதனசாலையில், 1911இல் காலியில் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அது சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை (தெவிநுவர) கோயில் தெய்வமான தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை சொல்கிறது. நாகப்பட்டினத்துச் சீனக் கோபுரம் எந்த உலகத்தைச் சேர்ந்தது என்பதை அந்த ஒரே கல்லில் வாசிக்கலாம்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் வெல்கம் விகாரையைச் சொல்வேன். திருகோணமலையிலிருந்து ஹொரவப்பொத்தானை வீதியில் போய்ப் பெரியகுளத்துப் பக்கம் திரும்ப வேண்டும். கல்லில் எழுத்து தேய்ந்திருக்கிறது, ஆகவே வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் போங்கள்; உச்சி வெயிலில் ஒன்றும் வாசிக்க முடியாது.